உசாத்துணை நூல்களில் பெயர் சொல்லா நகல்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரதேச வரலாறு, கூத்து, வழக்குச்சொல் பற்றிய உசாத்துணை நூல்கள் சில, முன்னோர் எழுதியதை அப்படியே எடுத்துக்கொண்டு அவர்கள் பெயரை விட்டுவிடுகின்றன. கடைசிப் பக்கத்து நூற்பட்டியல் இதற்குப் பரிகாரமாகாது. எந்த நூல், எந்தப் பக்கம் என்பது அந்தந்தப் பதிவின் அடியிலேயே வரவேண்டும்.

நகலைக் கண்டறியும் மென்பொருள் "ஒப்புமை குறைவு" என்றதும் நிம்மதியடைவது பெருந்தவறு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்பை அது ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் வாசிக்கும். முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். படமாக மட்டும் வருடப்பட்ட (ஸ்கேன் செய்த) பழைய நூல்களோ தேடலில் அகப்படா. அவற்றைக் கையில் வைத்தே ஒப்பிட வேண்டும். பதிவுகளின் வரிசை, எடுத்துக்காட்டுகள், முக்கியமாக அச்சுப்பிழைகளைப் பாருங்கள். ஒரு பிழை இருவருக்கும் பொதுவான மூலத்திலிருந்து வந்திருக்கலாம். நான்கைந்து பிழைகள் அதே வரிசையில் வந்தால் வேறு சாட்சி எதற்கு?

இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆசிரியரின் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் பாதுகாப்பளிக்கிறது. 1947இல் மறைந்த காரைதீவு விபுலாநந்த அடிகளின் எழுத்துக்கு அக்காலம் கடந்துவிட்டது. மறுபதிப்பிடலாம்; ஆனால் அவர் ஆராய்ந்து கண்டதைத் தமது கண்டுபிடிப்பென்று எழுதுவது அப்போதும் களவுதான்.

பதிப்பாளர்கள் பதிவுதோறும் மூலக்குறிப்பைக் கேட்டு வாங்கிய பின்பே அச்சுக்கு அனுப்பட்டும். நகல் உறுதியானால் அடுத்த பதிப்புவரை காத்திராமல், விற்காத பிரதிகளில் திருத்தச் சீட்டு ஒட்டி, நூலகங்களுக்கும் அதை அனுப்பவேண்டும்.

இப்படிக்கு,
நூலக உசாத்துணைப் பிரிவுப் பணியாளர்கள் சிலர்,
மட்டக்களப்பு.