தம்பியின்ர மகன் கேட்ட லிஸ்ற்

மச்சான்,

உன்ர வொய்ஸ் மெசேஜ் ரெண்டையும் கேட்டனான், ரெண்டாவது முழுக்க ஸ்நோ தள்ளுற சத்தம்தான், பறவாயில்லை. எனக்கு வொய்ஸ்ல கதைக்கச் சரிவராது, அம்மா பக்கத்தில வந்து நிண்டு தானும் கதைக்கப்போறன் எண்டுவா, பிறகு நான் சொல்லவந்தது சொல்லுப்படாது, அதால இருந்து எழுதுறன். இஞ்ச எல்லாரும் சுகம். வெள்ளவத்தை அதே வெள்ளவத்தைதான், காலி வீதியைக் கடக்கிறதுக்கு நேர்த்தி வைக்கோணும்.

ஓம், நீ கோயிலில கண்டது அவனைத்தான். தம்பியின்ர மூத்தவன் கனடா ஆமியில ரிசேர்வுக்குச் சேந்து ஒரு வருசமாச்சு, தம்பி எங்களிட்ட மூச்சு விடேல்ல, கடைசியில பெடியனே வட்ஸப் குரூப்பில யூனிஃபோமோட படத்தைப் போட்டிட்டான். அம்மா ஃபோனை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பாத்திட்டு "ஆரடா இந்த ஆமிக்காரன்" எண்டு கேட்டா. உங்கட பேரன் எண்டன். அரை மணித்தியாலம் வாயே திறக்கேல்ல, பிறகு மெல்லமா, "அங்க சோறு குடுக்கிறாங்களோ?"

அவவைப் பிழை சொல்லேலாது. அவ கலியாணம் கட்டி வந்த வீட்டு ஹோல்ல அப்பப்பா காக்கியோட நிக்கிற படம்தான் முதல்ல கண்ணில படும், அப்ப ஆமி எண்டால் பிராசோ போட்டு மினுக்கின பொத்தான், மாசக் கடைசியில சம்பளம், ஊரில மரியாதை. அதே மனிசி 83 கலவரத்துக்குப் பிறகு கேற்றடியில பூட்ஸ் சத்தம் கேட்டால் லைற்றை நூத்துப்போட்டு எங்களைக் கட்டிலுக்குக் கீழ தள்ளினவ. சொல்லு ஒண்டுதான்.

இப்ப பெடியனுக்குப் புது ஆசை. எங்கட குடும்பத்தில ஆர் ஆர் சேவிஸ்ல இருந்தது, வருசத்தோட லிஸ்ற் எழுதி அனுப்புங்கோ பெரியப்பா எண்டு கேக்கிறான். அப்பப்பான்ர மெடலுகளும் வேணுமாம். அங்க பூட்டன்ர மெடலை இவன் நெஞ்சில குத்தினால் சட்டப்படி குற்றமாமே, கண்ணாடிப் பெட்டியில வைச்சுப் பாக்கத்தான் ஏலுமாம், அவனே சொன்னான்.

அப்பப்பாவைப் பற்றி எழுதிறது லேசு. சிலோன் கரிசன் ஆட்டிலறி, துறைமுகத்துக்குக் காவல் நிண்ட பீரங்கிப் படை. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலமை ஜப்பான்காரன் கொழும்பில குண்டு போட்டபோது மனிசன் டியூட்டியில. எங்களைச் சுத்தி இருத்திக் கதை சொல்லேக்க கையாலயே பிளேன் விடுவார் ஞாபகமிருக்கே, உன்ர தலையிலயும் ஒருக்கா லாண்ட் பண்ணினவர். பெடியனுக்கு நான் எழுதினது இதைத்தான்: முதல் நாள் கொக்கலையில இருந்து கற்றலைனா விமானத்தில ரோந்து போன லெனாட் பேர்ச்சல் எண்டவர் கடலில அந்தக் கப்பல் கூட்டத்தைக் கண்டு, தன்னைச் சுட்டு விழுத்த முதல் றேடியோவில தகவல் அனுப்பினவர், பிறகு 45 வரைக்கும் ஜப்பான்காரன்ர சிறையில. அவர் கனடாக்காரன். உன்ர பூட்டனுக்கு எச்சரிக்கை குடுத்தது உங்கட ஆள்தான்ரா எண்டு போட்டன், பெடியன் இருவது நெருப்பு இமோஜி அனுப்பினான்.

அதே படையில கொக்கோஸ் தீவுக்குப் போனவங்கள் அடுத்த மே மாசம் கலகம் செய்து, கிரேஷன் பெர்னாண்டோவையும் சேத்து மூண்டு பேரை வெலிக்கடையில தூக்கில போட்டது பற்றிக் கேட்டால் மட்டும் அப்பப்பா எழும்பிப் போய் மரத்துக்குத் தண்ணி ஊத்துவார். பிளேன் கதையை நூறு தரம் சொன்ன மனிசன் இதை ஒருக்காலும் சொல்லேல்ல. கூட நிண்டவங்களாய் இருக்கும்.

எங்கட பெரியப்பா 55ல சேந்தவர், முத்துக்குமாரு ஆமிக் கொமாண்டரா வந்த அதே வருசம், தமிழன் தளபதி எண்டு வீட்டில பாயாசம் காய்ச்சினதாம். 63ல அவராவே விட்டிட்டு வந்து சென்ரல் வங்கிப் பக்கம் ஒரு கம்பனியில கணக்கெழுதினார். ஏன் விட்டவர் எண்டு ஆருக்கும் சொன்னதில்லை, 58 கலவரத்தைக் கண்டவருக்குக் காரணம் தேடவேண்டியதில்லை எண்டு அப்பா சொல்லுவார். அந்த அப்பாதான் பிறகு அப்பப்பான்ர டிஸ்சார்ஜ் பேப்பரை லமினேற் பண்ணி, ஐடென்ரி காட்டுக்கும் பொலிஸ் பதிவுத் துண்டுக்கும் நடுவில வைச்சுக்கொண்டு திரிஞ்சவர். ஒரேயொரு தரம் பம்பலப்பிட்டிச் செக் பொயின்ற்ல ஒரு சின்னப் பெடியன் ஆமிக்காரன் அதை வாசிச்சிட்டு "சீயாத?", தாத்தாவோ எண்டு சிங்களத்தில கேட்டுச் சிரிச்சு விட்டவனாம். மற்ற நேரமெல்லாம் அதைத் திருப்பியும் பாக்கேல்ல, எண்டாலும் அப்பா விடேல்ல.

இவ்வளவும் லிஸ்ற்ல எழுதிட்டன் மச்சான். மூண்டாவது ஆளிட்ட வந்து பேனை நிண்டிட்டுது.

கீப்பர்.

பெரியப்பான்ர கடைசி. அவனும் போனது சண்டைக்குத்தானே, அவனும் யூனிஃபோம் போட்டவன்தானே, அதை நான் எந்தப் பெயரில எழுதிறது? 85ல நல்லூர்த் திருவிழாவுக்குப் போட்டு வாறன் எண்டு போனவன், 88ல ஒரு துண்டுக் கடிதம், அவ்வளவுதான். அவன் போன கிழமையே பெரியப்பா தன்ர ஆமிப் படத்தைச் சுவரால கழட்டிப்போட்டார். பெரியம்மா ஆல்பத்தில இருந்த அவன்ர படமெல்லாத்தையும் கிழிச்சு அடுப்பில வைச்சா, செக்கிங் வந்தால் எண்ட பயம். பெரியப்பான்ர படம் தொங்கின ஆணி இன்னும் இருக்கு, அம்மா அதில கலண்டர் கொழுவியிருக்கிறா.

எழுத்தில போட எனக்கு இப்பவும் கை ஓடுதில்லை. வட்ஸப்பில போடுற கதையுமில்லை. மறைச்சு ரெண்டு பேரோட விட்டால் அது பொய் லிஸ்ற். பெடியன் ரோட்டில தோளை நிமித்தி நடக்கேக்க அவன்ர குடும்பத்தில இப்பிடியும் ஒருத்தன் இருந்தவன் எண்டு தெரிஞ்சு நடக்கட்டும் எண்டுதான் எனக்குப் படுது. தம்பி சொல்லமாட்டான், அவனுக்கு அப்ப ஏழு வயசு. அதால நீ சொல்லு. ஒரு நாளைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போய்க் கோப்பி வாங்கிக் குடுத்து, லேனுக்குள்ள ரெனிஸ் போல் கிரிக்கெற்ல கீப்பர் விக்கெற்றுக்குப் பின்னால நிண்டு விட்ட பகிடியில இருந்து தொடங்கு. கோட்டை பஸ் ஸ்ராண்டில அவனை ஏத்தி விட்டதையும் சொல்லு. உனக்கும் தெரியாது, திருவிழா எண்டுதான் நினைச்சனி, அதை எத்தினை தரம் உனக்குச் சொல்லிட்டன்.

ஜூலையில வரேக்க மெடல் ரெண்டையும் உன்ர கையில தாறன், ஒண்டின்ர ரிபன், அந்தச் செம்மஞ்சளும் பச்சையும், கறையான் கொஞ்சம் அரிச்சிட்டுது. அம்மாவுக்கு அந்த முழங்கால் நோவுக்குப் பூசுற ட்யூப் ரெண்டு கொண்டு வா, போனமுறை கொண்டு வந்தது இல்லை, மற்றது, நீல மூடி.