முறைசாராப் பொருளாதாரத்தை ஆய்வு செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆய்வாளர்களுக்கும் மாணவர்களுக்கும்,

தெருவோர வியாபாரம், வீட்டிலிருந்தபடி கூலிவேலை போன்ற முறைசாராத் தொழில்களைப் பற்றி எழுதும்போது, "அரசின் கட்டுப்பாட்டுக்கு வெளியே இயங்கும் தொழில்கள்" என்றுதான் உங்கள் ஆய்வேடுகள் பலவும் தொடங்குகின்றன. அந்த வரியை அடித்துவிடுங்கள். முறைசாராத் துறை என்ற சொல்லைப் பரவலாக்கிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1972-ஆம் ஆண்டு கென்யா அறிக்கையே, அரசு இத்தொழில்களைப் பெரிதும் கண்டுகொள்வதில்லை, ஆனால் அடிக்கடி ஒழுங்குபடுத்துகிறது என்று சொன்னது. தெருவோர வியாபாரி ஒருவர்மீது போக்குவரத்து, சுகாதாரம், நில உபயோகம், காவல் என்று பல விதிகள் ஒருசேரப் பாயும். விதிகளுக்குப் பஞ்சமில்லை, பாதுகாப்புக்குத்தான் பஞ்சம்.

எனவே ஒரே ஓர் உரிமத்தை எடுத்துக்கொண்டு, விண்ணப்பம் முதல் புதுப்பித்தல் வரை அதன் பின்னாலேயே போங்கள். எத்தனை மேசை, எத்தனை நடை, என்னென்ன சான்று, ஒவ்வொரு நடைக்கும் இழந்த கூலி எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். கட்டணம் சொற்பமாக இருந்தும் ஏன் பதிவு செய்யவில்லை என்ற கேள்விக்குப் பல சமயம் இங்கேதான் விடை கிடைக்கும். நிலையான இடமே இல்லாதவரிடம் கடை முகவரிச் சான்று கேட்டால் அவர் எங்கே போவார்?

அபராதப் பதிவேட்டை மட்டும் நம்பாதீர்கள். ரசீது இல்லாமல் பறித்த பொருள் அதில் ஏறாது. வியாபாரிகள் கையிலுள்ள ரசீதுகளையும் அவர்கள் சொல்லும் பறிமுதல்களையும் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். இடையில் விழும் வித்தியாசம்தான் நீங்கள் தேடுவது. "லஞ்சம் கொடுக்கிறீர்களா?" என்றால் "இல்லை" என்றே பதில் வரும். "கடைசியாக எப்போது பொருளை எடுத்துப் போனார்கள்? ரசீது தந்தார்களா? திரும்பக் கிடைக்க எத்தனை நாள், என்ன செலவு?" என்று கேளுங்கள்.

பகலில் ஒருமுறை எண்ணினால் விடிகாலைச் சந்தையும் இரவுக் கடையும் விட்டுப்போகும். வேலைநாள், விடுமுறைநாள் இரண்டிலும் மூன்று வேளை எண்ணுங்கள். வீட்டிலிருந்தபடி உருப்படிக் கூலிக்கு உழைக்கும் பெண்களைத் தெருவில் தேடிப் பயனில்லை. சரக்கு கொண்டுவந்து கொடுப்பவர் வழியாகத்தான் அவர்களை எட்ட முடியும். ஆனால் பேட்டியை அவர் எதிரில் எடுக்காதீர்கள்.

இன்னொரு குழப்பம்: முறைசாராத் துறை வேறு, முறைசாரா வேலை வேறு. 2003-இல் தொழிலாளர் புள்ளியியலாளர்களின் சர்வதேச மாநாடு இரண்டையும் பிரித்துவிட்டது. முதலாவது தொழில் நடக்கும் நிறுவனத்தைப் பார்க்கிறது, இரண்டாவது செய்யும் வேலையைப் பார்க்கிறது. பதிவு பெற்ற பெரிய ஆலையில் சமூகப் பாதுகாப்பு எதுவுமின்றி வேலை செய்பவரும் இரண்டாவதில் அடங்குவார். நிறுவனங்களை மட்டும் எண்ணினால் அவர் உங்கள் கணக்கிலேயே வரமாட்டார்.

கடைசியாக, மன்றாடிக் கேட்கிறோம்: துல்லியமான வரைபடத்தை வெளியிடாதீர்கள். எந்த மூலையில் யார் உரிமமின்றி நிற்கிறார் என்று காட்டும் வரைபடம், அவர்களை அகற்ற வருபவருக்கு ஆயத்தப் பட்டியலாகிவிடும். முதல் வரைவை அச்சுக்கு அனுப்புமுன் அவர்களின் சங்கத்தில் வாசித்துக் காட்டுங்கள். எதை மறைக்க வேண்டும் என்பதை அவர்களே சொல்வார்கள்.