அக்காவுக்கு, மீதமிருக்கும் 11 பக்கங்களைப் பற்றி

அன்புள்ள அக்கா,

போன வாரம் பேசிக்கொண்டிருந்தபோது நீ சொன்னாய்: “ஒரு குறையும் இல்லை. ஆனால் காலையில் எழுந்தால், இன்றைக்கு என்று எதிர்பார்க்க ஒன்றுமே இல்லை.” சொன்ன கையோடு பேச்சை மாற்றிவிட்டாய். எனக்கும் அப்போது பதில் வரவில்லை. போனை வைத்த பிறகும் நாலைந்து நாள் அந்த வார்த்தை மனதிலேயே கிடந்தது. நேரில் சொன்னால் நடுவிலேயே சிரித்து மழுப்பிவிடுவாய், அதனால் எழுதுகிறேன். இதே மாதிரி நினைப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால், உன் சம்மதத்தோடு, எல்லோரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன்.

சுற்றி வளைக்கவில்லை. நீ மறுபடியும் வரைய வேண்டும்.

உன் பதில் எனக்குத் தெரியும். நேரம் எங்கே இருக்கிறது என்பாய். கை வராது என்பாய். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, இந்த வயதில் வரைந்து என்ன ஆகப்போகிறது என்பாய். கடைசியில் சொல்வதுதான் உண்மையான தடை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

“பொழுதுபோக்கு” என்ற சொல்லிலேயே ஓர் இளக்காரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேலை இல்லாதவர்கள் நாளைக் கழிக்கச் செய்வது என்கிற மாதிரி. ஆனால் பேச்சில் நாம் அதை இரண்டு விதமாகச் சொல்கிறோம், கவனித்திருக்கிறாயா? “பொழுதே போகவில்லை” என்பது ஒன்று. “பொழுது போனதே தெரியவில்லை” என்பது இன்னொன்று. முதலாவதைச் சொல்லும்போது முகம் வாடியிருக்கும். இரண்டாவதைச் சொல்லும்போது மலர்ந்திருக்கும். நீ பள்ளி நாட்களில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரைந்துவிட்டு, வெளிச்சம் மங்கிய பிறகு எழுந்து வந்து சொல்வது இரண்டாவதைத்தான்.

இப்போது மூன்றாவதாக ஒன்று வந்திருக்கிறது. படுக்கையில் சாய்ந்து போனைத் தள்ளிக்கொண்டே இருக்கிறோம். பொழுதும் போகிறது, போவதும் தெரியவில்லை. ஆனால் எழுந்த பிறகு என்ன பார்த்தோம் என்று கேட்டால் ஒன்றுகூட நினைவில் இல்லை. இதற்கும் நீ சொன்ன இரண்டாவதற்கும் என்ன வித்தியாசம் என்று நான் ரொம்ப நாள் யோசித்தேன். மிஹாய் சிக்சென்ட்மிஹாய் என்ற உளவியலாளர் 1970களில் மலையேறுபவர்கள், சதுரங்கம் ஆடுபவர்கள் போன்றவர்களிடம் பேசி, எந்தப் பயனும் எதிர்பாராமல் ஏன் இவ்வளவு பாடுபடுகிறார்கள் என்று விசாரித்தார். அவர்கள் சொன்னதிலிருந்து அவருக்குக் கிடைத்தது இது: செய்யும் காரியம் நம் திறமைக்குச் சரியாக ஈடு கொடுக்கிற அளவு கஷ்டமாக இருக்கும்போதுதான் மனம் முழுசாக அதில் இறங்குகிறது. ரொம்ப எளிது என்றால் சலிக்கும். ரொம்பக் கடினம் என்றால் பதற்றம் வரும். போனைத் தள்ளுவதில் அந்தக் கஷ்டமே இல்லை. ஒரு வாளியின் வாய் வட்டத்தை, அது சாய்ந்து தெரிகிற மாதிரியே காகிதத்தில் கொண்டுவருவதில் இருக்கிறது.

என் கதையை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. மூன்று வருடம் முன்னால், இரவில் தூக்கம் வராமல் தவித்துக்கொண்டிருந்தேன் அல்லவா, அந்தச் சமயத்தில் ஒரு தோழி தன்னிடம் சும்மா கிடந்த பைனாகுலரைக் கொடுத்தாள். முதலில் நிலாவைப் பார்த்தேன். பௌர்ணமி அன்று பார்த்து ஏமாந்தேன். வெறும் வெள்ளைத் தட்டு, கண் கூசியது, அவ்வளவுதான். ஒரு வாரம் கழித்து, பாதி நிலாவாக இருந்தபோது பார்த்தால், வெளிச்சமும் இருட்டும் சேரும் கோட்டில் பள்ளம் பள்ளமாகத் தெரிகிறது! பௌர்ணமியில் சூரிய வெளிச்சம் நேராக விழுவதால் நிழல் இல்லை. நிழல் இல்லாவிட்டால் பள்ளமும் தெரியாது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானே தப்பாகப் பார்த்து, நானே கண்டுபிடித்தேன். அன்றைக்கு வந்த சந்தோஷம் அவ்வளவு.

அப்புறம் வியாழன் கிரகம். முழங்கையைச் சுவரில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் பக்கத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் ஒரே வரிசையில் தெரியும். கலிலியோ 1610 ஜனவரியில் தொலைநோக்கியில் பார்த்த அதே நிலாக்கள். அவற்றில் உள்ளே இருப்பது 42 மணி நேரத்தில் ஒரு சுற்று சுற்றிவிடும். அதனால் நேற்று பார்த்த வரிசை இன்றைக்கு இருக்காது. ஒரு நோட்டில் நடுவில் வட்டம் போட்டு, பக்கத்தில் புள்ளி வைத்துக் குறித்துவரத் தொடங்கினேன். கார்த்திகையை வெறும் கண்ணால் பார்த்தால் ஆறு நட்சத்திரம் தெரியும், பைனாகுலரில் கண்ணாடித் தூளை இறைத்த மாதிரி. திருவாதிரை, உரோகிணி என்று பெயராக மட்டுமே கேட்டிருந்தவை, இதோ இது, அதோ அது என்று விரல் நீட்டிக் காட்டுகிற பொருளாக மாறின. திருவாதிரையும் சிவப்பு, உரோகிணியும் சிவப்பு, ஆனால் ஒரே சிவப்பு இல்லை.

இங்கே நான் உனக்குச் சொல்ல வந்தது வானத்தைப் பற்றி இல்லை, அக்கா. நான் வெளியே நிற்பது ஒரு நாளைக்கு அரை மணி நேரம் இருக்கும். மற்ற இருபத்து மூன்றரை மணி நேரத்துக்கு என்ன ஆயிற்று என்பதுதான் எனக்கு ஆச்சரியம். மத்தியானம் வேலைக்கு நடுவில் ஜன்னல் பக்கம் திரும்பி, மேகம் விலகுமா என்று பார்க்கிறேன். சாயங்காலம் யாரோ எரிந்து விழுந்தால், சரி, இன்றைக்கு வியாழன் எங்கே நிற்கும் என்ற நினைப்பு குறுக்கே வந்து கொஞ்சம் ஆற்றிவிடுகிறது. நீ சொன்னாயே, எதிர்பார்க்க ஒன்றுமில்லை என்று. அந்த அரை மணி நேரம் எனக்கு அந்த எதிர்பார்ப்பைத்தான் கொடுத்தது. வேலை, வீடு, உறவு எல்லாவற்றிலும் யாரோ நம்மிடம் எதையோ கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அது தப்பில்லை, வாழ்க்கை அப்படித்தான். ஆனால் நாளில் ஒரு மூலையாவது யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாததாக இருக்க வேண்டும்.

“என்ன ஆகப்போகிறது” என்ற கேள்விக்கு எனக்கு வில்லியம் ஹெர்ஷல் ஞாபகம் வருகிறார். பகலில் இசைக்கலைஞர், தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர், மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவர். 1773 வாக்கில், முப்பத்தைந்து வயதை ஒட்டி, வானியலில் ஆசை வந்தது. பெரிய தொலைநோக்கி வாங்க வசதி இல்லை, அதனால் வீட்டிலேயே உலோகத்தை வார்த்து, தேய்த்து, தொலைநோக்கிக்கு வேண்டிய கண்ணாடியைச் செய்யக் கற்றுக்கொண்டார். கையை எடுக்காமல் மணிக்கணக்கில் தேய்ப்பார், தங்கை கரோலின் பக்கத்தில் நின்று சாப்பாடு ஊட்டிவிடுவார். 1781 மார்ச் 13 அன்று யுரேனஸ் கிரகத்தைப் பார்த்தார், முதலில் அதை வால்நட்சத்திரம் என்றே நினைத்தார். எல்லோரும் அந்த ஒரு இரவைத்தான் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய எட்டு வருடம். யாரும் கேட்கவில்லை, யாரும் காத்திருக்கவில்லை. அந்த எட்டு வருடமும் அவர் ராத்திரிக்காகக் காத்திருந்தார். யுரேனஸ் கிடைக்காமல் போயிருந்தாலும் அது வீண் என்று என்னால் சொல்ல முடியாது.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். நீ ஏன் நிறுத்தினாய் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. கை வராமல் நிறுத்தவில்லை. உன் படம் நன்றாக இருக்கிறது என்று நாலு பேர் சொன்னார்கள். அப்புறம் வாழ்த்து அட்டைக்குக் கேட்டார்கள், அழைப்பிதழுக்குக் கேட்டார்கள், இன்ன தேதிக்குள் வேண்டும் என்றார்கள். காசும் கொடுத்தார்கள். “இவ்வளவு நன்றாக வருகிறதே, இதையே தொழிலாகச் செய்யேன்” என்று நானும் சொன்னேன். ஒரு வருடத்தில் நீ பென்சிலைத் தொடுவதையே விட்டுவிட்டாய்.

1973இல் வெளியான ஓர் ஆய்வை ரொம்பக் காலம் கழித்துப் படித்தபோதுதான் நாங்கள் செய்தது எனக்குப் புரிந்தது. லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று பேர், மழலையர் பள்ளியில் தாங்களாகவே ஆசையாக வரைகிற குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். சிலரிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்கு எதுவும் சொல்லாமல், வரைந்த பிறகு திடீரென்று கொடுத்தார்கள். சிலருக்கு ஒன்றுமே இல்லை. ஓரிரு வாரம் கழித்து அவர்கள் வரைந்த அதே பேனாக்களை வகுப்பில் சும்மா வைத்தபோது, முன்கூட்டியே பரிசு பேசப்பட்ட குழந்தைகள் மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட பாதி நேரம்தான் வரைந்தார்கள். ஆசை போய், அது கூலி வேலை ஆகிவிட்டது. உனக்கும் அதுதான் நடந்தது. அதற்கு நானும் ஒரு காரணம். என்னை மன்னித்துவிடு.

பிழைப்புக்காக வரைபவர்களை நான் குறை சொல்லவில்லை, அது வேறு வாழ்க்கை. உனக்கு அது தேவைப்படவில்லை. உனக்குத் தேவைப்பட்டது ஜன்னலோரம்.

கை வராது என்பதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். முதல் பத்து நாள் வராதுதான். 2016இல் வந்த ஒரு சின்ன ஆய்வில் 39 பேரை 45 நிமிடம் இஷ்டப்படி வரையவும் களிமண் பிசையவும் விட்டார்கள். மன அழுத்தத்தோடு கூடவே ஏறும் கார்டிசால் என்ற ஹார்மோன் கிட்டத்தட்ட முக்கால்வாசிப் பேருக்குக் குறைந்திருந்தது. முன்னமே வரைந்து பழகியவர், பழகாதவர் என்ற பேதம் அதில் தெரியவில்லை. படம் கோணலாக வந்தாலும் உடம்புக்கு அது தெரியாது போலிருக்கிறது.

வயதைப் பற்றியும் ஒன்று. 2023இல், 16 நாடுகளைச் சேர்ந்த 65 வயதைத் தாண்டிய 93,263 பேரின் தகவல்களைச் சேர்த்து ஆராய்ந்தார்கள். பொழுதுபோக்கு ஒன்று வைத்திருந்தவர்களுக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் குறைவாகவும், வாழ்க்கையில் திருப்தி அதிகமாகவும் இருந்தன. மனம் நன்றாக இருப்பவர்கள்தான் இதிலெல்லாம் இறங்குகிறார்களோ என்று நீ கேட்கலாம், நியாயமான கேள்வி. எண்ணிக்கையை வைத்து மட்டும் அதை முடிவாகச் சொல்ல முடியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் மனபாரம் வாரக்கணக்கில் நீடித்து, தூக்கமும் பசியும் கெட ஆரம்பித்தால் பென்சில் போதாது. மருத்துவரைப் பார்க்க வேண்டும், நானும் கூட வருவேன்.

நேரத்துக்கு வருகிறேன். ஒரு மணி நேரம் ஒதுக்காதே. உன்னால் முடியாது, முடியாதபோது உன்னையே திட்டிக்கொள்வாய். இருபது நிமிடம் போதும். முக்கியமாக, நோட்டை அலமாரியில் வைக்காதே. மேஜையில், திறந்தபடி, பென்சில் மேலே கிடக்கட்டும். என் பைனாகுலர் பெட்டிக்குள் இருந்த வாரங்களில் நான் வெளியே போனதே இல்லை. கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிய பிறகுதான் தினமும் போக ஆரம்பித்தேன். புதிதாக வண்ணம், தூரிகை என்று எதையும் வாங்காதே. வாங்கிக் குவித்ததே வரைந்துவிட்ட மாதிரி ஒரு திருப்தியைக் கொடுத்துவிடும், அதோடு நின்றுபோகும். சில வாரம் ஒரு கோடுகூடப் போட மாட்டாய். போகட்டும், மழைக்காலத்தில் நானும் மாதக்கணக்கில் நட்சத்திரம் பார்ப்பதில்லை.

வீடு மாறும்போது பழைய காகிதக் கட்டில் நீ போட்டுவிட்டுப் போன நோட்டை நான் எடுத்து வைத்திருந்தேன். நீ கேட்பாய் என்று நினைத்தேன், கேட்கவே இல்லை. இன்றைக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். கடைசியாக வரைந்தது ஒரு வாளி. கைப்பிடி இல்லாமல் பாதியில் நிற்கிறது. அதற்குப் பின்னால் 11 பக்கம் காலி. கூடவே ஒரு பென்சிலைச் சீவி வைத்திருக்கிறேன்.

வரைந்ததை எனக்குக் காட்ட வேண்டாம்.

அன்புடன்,
உன் தங்கை