அந்த ஒரு எழுத்தைத் திருத்த விடுங்க: இ-விசா சைட் நடத்துற எல்லா நாட்டு இமிக்ரேஷன் ஆபீஸுக்கும் ஒரு திறந்த மடல்

இ-விசா, இடிஏ, எஸ்டா இப்படி என்ன பேர் வச்சிருந்தாலும் சரி, ஆன்லைன்ல டூரிஸ்ட்டுங்களுக்கு அனுமதி குடுக்கற எல்லா நாட்டு ஆபீசர்களுக்கும் வணக்கம்.

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். என் பாஸ்போர்ட் நம்பர்ல ஒரு சைபர் இருக்கு. உங்கள்ல ஒருத்தரோட ஃபார்ம்ல நான் அந்த சைபருக்குப் பதிலா ஓ-ங்கிற இங்கிலீஷ் எழுத்தை அடிச்சிட்டேன். ராத்திரி பதினோரு மணிக்கு மேல ஆச்சு, ரெண்டு தடவை ஃபார்ம் டைம் அவுட் ஆகி மூணாவது தடவை முதல்ல இருந்து நிரப்பிட்டு இருந்தேன், கண்ணு சொக்குது. ஆனாலும் தப்பு என்னோடது தான், அதுல மறுபேச்சு இல்ல. எந்த நாடுன்னு சொல்லப் போறதில்ல, ஏன்னா அந்தப் பேரை எடுத்துட்டு உங்கள்ல பாதிப் பேரோட பேரைப் போட்டாலும் கதை மாறாது.

நாலு நாள்ல 'கிராண்டட்'னு மெயில் வந்துச்சு, அதுவும் ஸ்பாம் ஃபோல்டர்ல போய் உக்காந்திருந்துச்சு. பிரிண்ட் எடுத்து பத்திரமா வச்சுக்கிட்டேன். போட்டோ என்னோடது, பேர் என்னோடது, பொறந்த தேதி சரி, யாருக்குத் தோணும் நம்பரை ஒவ்வொரு எழுத்தா பாக்கணும்னு. ஏர்போர்ட்ல செக்-இன் கவுண்டர்ல இருந்தவங்க பாஸ்போர்ட்டை மெஷின்ல இழுத்தாங்க, விசா பேப்பரைப் பாத்தாங்க, மறுபடி பாஸ்போர்ட்டைப் பாத்தாங்க, பக்கத்து கவுண்டர்ல இருந்தவரைக் கூப்பிட்டு அவரும் பாத்தாரு. "இந்த விசா உங்க பாஸ்போர்ட்டுக்கு இல்லையே சார்"னாங்க. ஃப்ளைட் போயிடுச்சு, நான் பெட்டியை இழுத்துக்கிட்டு வெளிய வந்தேன்.

அவங்க மேல எனக்குக் கோவமே இல்ல. சரியான பேப்பர் இல்லாத ஆளை ஏத்திட்டுப் போனா அந்த விமான கம்பெனிக்கு நீங்க அபராதம் போடுவீங்க, திருப்பிக் கூட்டிட்டுப் போற பொறுப்பும் அவங்க தலையில தான் விழும், இது உலகம் பூரா இருக்கற வழக்கம். அதனால செக்-இன்ல நிக்கறவங்க தான் உங்க நாட்டோட முதல் வாசல் காவலாளி, ஆனா பேனா வைக்கற அதிகாரம் மட்டும் அவங்களுக்குக் கிடையாது.

அந்தப் பேனா கதைக்குத் தான் வர்றேன். பழைய காலத்துல விசா வாங்கறது கொடுமைன்னு எனக்கும் தெரியும். பாஸ்போர்ட்டைக் குடுத்துட்டு வாரக்கணக்குல காத்துக் கிடக்கணும், வரிசை, டோக்கன், ஆபீசர் மூஞ்சில சிரிப்புங்கிறதே இருக்காது. ஆனா அந்த சிடுமூஞ்சி ஆபீசர் ஃபார்மைக் கையில வாங்கினதும் பாஸ்போர்ட்டைத் திறந்து பக்கத்துல வச்சுப் பாப்பாரு. "என்ன இது, சைபரா, ஓ-வா?"ன்னு ஒரு அதட்டு அதட்டுவாரு. நாம வழிஞ்சுக்கிட்டே நிப்போம், அவரே பேனாவால அடிச்சுத் திருத்தி ஓரத்துல நம்ம கையெழுத்து வாங்கிப்பாரு. பத்து செகண்ட் வேலை. 1996-ல ஆஸ்திரேலியா முதன்முதலா பாஸ்போர்ட்ல ஸ்டிக்கர் ஒட்டாத இடிஏ கொண்டு வந்ததுல ஆரம்பிச்சு இன்னிக்கு வரைக்கும் கவுண்டரை எல்லாம் வரிசையா மூடிட்டீங்க, சந்தோஷம், யாருக்கும் அந்த வரிசை திரும்ப வேணாம். கவுண்டரோட சேத்து அந்த பத்து செகண்டையும் தூக்கிட்டீங்களே, அதைத் தான் கேக்கறேன்.

ஹெல்ப்டெஸ்க்குக்கு எழுதினேன், ஒரே ஒரு எழுத்து தான், பாஸ்போர்ட் ஸ்கேன் ஏற்கனவே உங்ககிட்ட இருக்கு, பாத்துத் திருத்திக் குடுங்கன்னு. பதில் வந்துச்சு, மனுஷன் எழுதினதா மெஷின் எழுதினதான்னு தெரியல: சப்மிட் பண்ணினதுக்கு அப்புறம் திருத்த முடியாது, புதுசா அப்ளை பண்ணுங்க, கட்டின ஃபீஸ் திரும்பி வராது.

இதுல என்னை ரொம்ப உறுத்துறது எதுன்னா, இந்தத் தப்பைக் கண்டுபிடிக்கறதுக்கு ஆபீசரே தேவையில்லை. பாஸ்போர்ட்டோட போட்டோ பக்கத்துல அடியில ரெண்டு வரி இருக்கும்ல, வரிக்கு 44 எழுத்து, நடுநடுவுல அம்புத் தலை மாதிரி குறி. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்போட 9303-ங்கிற ஆவணம் தான் அது எப்படி இருக்கணும்னு சொல்லுது, நீங்க எல்லாரும் அதை ஒத்துக்கிட்டுத் தான் பாஸ்போர்ட்டே அடிக்கறீங்க. ரெண்டாவது வரியில முதல் ஒன்பது இடம் பாஸ்போர்ட் நம்பர், பத்தாவது இடத்துல ஒரு எண் தனியா இருக்கும். அது நம்பர்ல சேராது, நம்பர் சரியான்னு பாக்கறதுக்குன்னே போட்டிருக்கற சரிபார்ப்பு எண். ஒவ்வொரு இடத்தையும் 7, 3, 1, திரும்ப 7, 3, 1-னு பெருக்கி எல்லாத்தையும் கூட்டி 10-ஆல வகுத்தா மிச்சம் வர்றது தான் அது. எழுத்துங்களுக்கும் மதிப்பு உண்டு, ஏ-ன்னா 10, பி-ன்னா 11, அப்படியே போனா ஓ-ங்கிறது 24. சைபர் இருக்கற இடத்துல ஓ போட்டா மிச்சம் 8-ஓ 2-ஓ 4-ஓ தள்ளிப் போயிடும், எந்த இடத்துல இருந்தாலும் மாட்டிக்கும், தப்பிக்கவே முடியாது. நான் ஒரு பேப்பர்ல போட்டுப் பாத்தேன், ரெண்டு நிமிஷம் ஆச்சு. (எல்லாத் தப்பையும் பிடிச்சிடும்னு சொல்லல, பக்கத்துப் பக்கத்துல இருக்கற 1-ம் 6-ம் இடம் மாறிட்டா அது கண்ணுல மண்ணைத் தூவிட்டுப் போயிடும், 2-ம் 7-ம் கூட அப்படித்தான். ஆனா ஓ-வும் சைபரும் மாட்டும், பி-யும் 8-ம் மாட்டும்.)

உங்க ஃபார்ம்ல அந்த பத்தாவது எண்ணையும் ஒரு கட்டத்துல கேட்டிருந்தா, நான் ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடியே சிவப்பு எழுத்துல கத்தியிருக்கும். அதுவும் வேணாம், நான் அப்லோடு பண்ணின ஸ்கேன்லயே அந்த ரெண்டு வரியும் இருக்கு. அந்த ஸ்கேன் என்ன சைஸ்ல இருக்கணும், எத்தனை கேபிக்கு மேல போகக் கூடாது, ஜேபெக்கா பிடிஎஃப்பா, ஓரத்துல நிழல் விழுந்திருக்கான்னு அவ்வளவு கறாரா கேட்டு நாலு தடவை ரிஜெக்ட் பண்ணின சைட், அஞ்சாவது தடவை வாங்கிக்கிட்டு அதுல என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவை கூட வாசிக்கல.

முடியாத காரியம்னு மட்டும் சொல்லாதீங்க. பிரிட்டனோட இடிஏ ஆப்பும் ஆஸ்திரேலியாவோட ஆப்பும் போனைப் பாஸ்போர்ட் மேல வச்சா உள்ள இருக்கற சிப்பையே படிச்சிடுது, நம்பரை நாம அடிக்கற வேலையே இல்ல. நல்ல போன் இல்லாதவங்க என்ன பண்ணுவாங்கங்கிறது வேற கேள்வி, ஆனா வழி இருக்குல்ல. அதே சமயம் அமெரிக்காவோட எஸ்டாவைப் பாருங்க, 2009 ஜனவரியில கட்டாயமாக்கினப்ப ஃபீஸே கிடையாது, 2025 செப்டம்பர் 30-ல 40 டாலர் ஆக்கினாங்க. அங்க காசு கட்டினதுக்கு அப்புறம் மெயில் ஐடியை மாத்தலாம், போய்த் தங்கற அட்ரஸை மாத்தலாம், பாஸ்போர்ட் நம்பர் தப்புன்னா புது அப்ளிகேஷன், புது ஃபீஸ். கனடாலயும் நம்பர் தப்புன்னா திரும்ப அப்ளை பண்ணித்தான் ஆகணும், அங்க ஃபீஸ் 7 கனடா டாலர் தான்ங்கிறதால வலி கொஞ்சம் கம்மி.

நம்பர் மட்டும்னு நினைச்சுக்காதீங்க, பேரும் இதே கதை தான். ஒத்தைப் பேர் மட்டும் இருக்கறவங்க உலகத்துல ஏராளம், அதே 9303 ஆவணம் அதை ஒத்துக்கவும் செய்யுது. ஆனா உங்க ஃபார்ம்ல சர்நேமுக்கும் ஸ்டார், கிவன் நேமுக்கும் ஸ்டார், ரெண்டுல எதைக் காலியா விட்டாலும் அடுத்த பக்கம் போக விடாது. அப்போ ஒருத்தர் அதே பேரை ரெண்டு தடவை அடிக்கறாரு, ஒருத்தர் புள்ளி வைக்கறாரு, இன்னொருத்தர் அமெரிக்க விசாவுல வர்ற மாதிரி எஃப்என்யூன்னு (முதல் பேர் தெரியாதுங்கிறதோட இங்கிலீஷ் சுருக்கம்) போடறாரு. மூணுமே பாஸ்போர்ட்ல இல்லாத பேர். அப்புறம் பாஸ்போர்ட்ல இருக்கறபடியே பேர் இருக்கணும்னு கீழ ஒரு வரி எழுதி வேற வச்சிருக்கீங்க. அமீரகம் பரவால்ல, 2022 நவம்பர்ல ஒத்தைப் பேர் பாஸ்போர்ட்டுக்கு டூரிஸ்ட் விசாவுல அனுமதியே இல்லன்னு விமான கம்பெனிங்களுக்கு நேரடியா சொல்லிடுச்சு. எனக்கு அந்த ரூல் பிடிக்கல, ஆனா ஏர்போர்ட்ல போய்த் தெரிஞ்சுக்கறதை விட வீட்லயே தெரிஞ்சுக்கறது மேல்.

தேதியைப் பத்தியும் ஒரு வார்த்தை. இந்தியாவோட 30 நாள் இ-டூரிஸ்ட் விசாவுல எக்ஸ்பைரின்னு இருக்கற தேதி, அதுக்குள்ள வந்து இறங்கிடணும்ங்கிறதுக்கு, 30 நாள் கணக்கு இறங்கின நாள்ல இருந்து தான் ஓடும். வியட்நாமோட இ-விசாவுல போட்டிருக்கற கடைசித் தேதி நிஜமாவே கடைசித் தேதி, நீங்க பத்து நாள் லேட்டா போனா அந்தப் பத்து நாள் போச்சு. ஒரே மாதிரி பேப்பர், ஒரே மாதிரி கட்டம், அர்த்தம் நேர் எதிர். எந்த ஏர்போர்ட், எந்த வாசல் வழியா வரலாம்ங்கிற லிஸ்ட்டும் ரெண்டு நாட்டுக்கும் உண்டு, தரை வழியா போறவங்க அதைப் படிக்காம போய் பார்டர்ல நிப்பாங்க. "நீங்க இந்தத் தேதிக்குள்ள வரணும், இந்தத் தேதியில கிளம்பிடணும்"னு முழு வாக்கியமா ரெண்டு வரி பிரிண்ட் பண்ணினா என்ன குறைஞ்சிடும்?

அப்புறம் நீங்க அடிக்கடி எச்சரிக்கை விடறீங்களே போலி சைட்டுங்க பத்தி. தேடிப் பாத்தா விளம்பரமா முதல்ல வந்து நிக்கற சைட்டுங்க, உங்க கொடி, உங்க சின்னம் மாதிரியே ஒண்ணு, ஃபீஸ் மட்டும் பல மடங்கு. தாய்லாந்தோட டிஜிட்டல் அரைவல் கார்டு 2025 மே 1-ல இருந்து, சல்லிக் காசு கிடையாது, அதுக்கே காசு வாங்கற சைட்டுங்க முளைச்சிடுச்சு. ஏமாத்தறவங்களைப் பிடிங்க, வேணாம்னு சொல்லல. ஆனா எல்லாரும் ஏமாந்து போய்த் தான் ஏஜெண்ட்டுக்குக் காசு குடுக்கறாங்கன்னு நினைக்காதீங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் ஒவ்வொரு தடவையும் தெரிஞ்சே ஏஜெண்ட்கிட்ட தான் போறாரு, நான் கூட கிண்டல் பண்ணியிருக்கேன், பத்து நிமிஷத்துல நாமளே பண்ற வேலைக்கு எதுக்குய்யா காசுன்னு. என் ஃப்ளைட் போனதுக்கு அப்புறம் அவர் சொன்னாரு, ஏஜெண்ட் சப்மிட் பண்றதுக்கு முன்னாடி போன் பண்ணி "இது சைபர் தானே"ன்னு கேப்பாராம். ஆக உங்க கவுண்டர்ல ஓசியா கிடைச்ச பத்து செகண்டை இப்போ வெளிய வேற யாரோ விக்கறாங்க, நல்லா ஓடுது.

சரி, என்ன தான் கேக்கற நீன்னு கேப்பீங்க. காசு கட்டற பட்டனுக்கு முன்னாடி ஸ்கேன்ல இருக்கறதையும் நான் அடிச்சதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டுங்க, ஒத்துப் போகலன்னா நிறுத்துங்க. அதையும் தாண்டி தப்பு போயிடுச்சுன்னா, பயணத்துக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை திருத்தக் கேக்கற வழி குடுங்க, ஓசியில வேணாம், ஒரு சின்ன கட்டணம் கூட போட்டுக்கங்க, குடுத்துட்டுப் போறோம். பாதுகாப்பு விஷயம், இப்படி விட்டா ஒருத்தர் விசாவை இன்னொருத்தருக்கு மாத்திடுவாங்கன்னு சொல்வீங்க, நியாயமான பயம் தான். ஆனா நான் ஆளை மாத்தச் சொல்லல, போட்டோ அதே, பேர் அதே, தேதி அதே, நீங்க ஏற்கனவே கையில வச்சிருக்கற ஸ்கேன்ல இருக்கற நம்பரைத் தான் போடச் சொல்றேன். ஸ்கேன்ல இல்லாத எதையும் மாத்தாதீங்க. இன்னொண்ணு, நம்பர் தப்பான விசாவைத் திருத்தாம அப்படியே விடறது எப்படி பாதுகாப்பு ஆகும்னு எனக்குப் புரியவே இல்ல.

ஏன்னா நான் திரும்ப ஃபீஸ் கட்டி, திரும்ப போட்டோ ஏத்தி, நாலு நாள் காத்திருந்து, புது டிக்கெட் எடுத்துப் போயிட்டு வந்துட்டேன். ஊர் நல்லா இருந்துச்சு, இமிக்ரேஷன்ல இருந்தவரு சிரிச்சுக் கூடப் பேசினாரு. திரும்பி வந்து ஒரு ஆர்வத்துல அந்த முதல் அப்ளிகேஷன் நம்பரைப் போட்டு ஸ்டேட்டஸ் பாத்தேன். இன்னும் 'கிராண்டட்'னு பச்சை எழுத்துல தான் காட்டுது, என் மூஞ்சியோட, உலகத்துல இல்லாத ஒரு பாஸ்போர்ட்டுக்கு.

இப்படிக்கு,
ரெண்டு தடவை ஃபீஸ் கட்டின ஒரு டூரிஸ்ட்