காட்டுப்பாதை திறக்கும் நாளை முன்கூட்டியே சொல்லுங்கள்

உகந்தை முருகன் கோவிலிலிருந்து குமண, யால காடுகளூடாகக் கதிர்காமத்துக்குப் போகும் பாதையைத் திறந்து மூடும் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

இந்த வருடமும் பாதை திறக்கும் நாள் எங்கள் காதுக்கு எட்டியபோது லீவு கேட்கும் காலம் கடந்துவிட்டது. எட்டிய நாளும் பிறகு மாறியது. கதிர்காமத் திருவிழாவுக்குக் காட்டுவழி நடந்துபோகும் யாத்திரிகர்களுக்காக அந்தப் பாதை வருடத்தில் சில நாட்கள் மட்டும் திறக்கப்படுவது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆகையால் சுற்றி வளைக்காமல் கேட்கிறேன்: திறக்கும் நாளையும் மூடும் நாளையும் சித்திரைப் புத்தாண்டுக்கு முன்பே அறிவித்துவிடுங்கள்.

கொழும்பில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த யாத்திரை லீவுப் படிவத்தில்தான் தொடங்குகிறது. எந்தத் திகதி தொடக்கம், எந்தத் திகதி வரை என்று அதில் இரண்டு கட்டங்கள் இருக்கும். அவற்றை நான் பென்சிலால் நிரப்பிக் கொடுத்தேன். "பென்சிலில எழுதினதுக்கு நான் எப்படித் தம்பி கையெழுத்து வைக்கிறது?" என்று மேலாளர் திருப்பித் தந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், என் இடத்துக்கு அவர் வேறு ஆள் பார்க்க வேண்டும். எனக்காவது மாதச் சம்பளம். புறக்கோட்டைக் கடைகளில் நாட்சம்பளத்துக்கு நிற்கும் பிள்ளைகளும் வேல் வேல் என்று புறப்படுகிறார்கள். நாள் மாறினால் அவர்களுக்கு அந்த நாட்களின் சம்பளமும் இல்லை, சில வேளை திரும்பிப் போக வேலையும் இல்லை.

அடுத்தது தங்குமிடம். அம்மாவுக்கு வயது போய்விட்டது, ஆனால் காட்டுவழி நடந்தே தீருவேன் என்பவர். இரவு பஸ்ஸில் பொத்துவிலுக்குப் போய், பாணமையில் ஒரு வீட்டில் இரண்டு இரவு அவரை ஆறவைத்து, பிறகு உகந்தைக்குப் போவது என்பது எங்கள் திட்டம். பாணமை சின்னக் கிராமம், வாடகைக்கு விடும் அறைகள் கொஞ்சம்தான். அதுவும் இல்லாவிட்டால் அறுகம்பே. ஆனால் அங்கே மே முதல் செப்டெம்பர் வரை அலைச்சறுக்குக் காலம். வெளிநாட்டவர்கள் முன்கூட்டியே அறைகளைப் பிடித்து வைத்துவிடுவார்கள், மிஞ்சும் அறையின் விலை எங்களுக்குக் கட்டாது. நாள் மாறியதும் பாணமை அறை வேறு ஆட்களுக்குப் போய்விட்டது. அந்த வீட்டு அக்கா மிகவும் வருத்தப்பட்டார், அவரால் என்ன செய்ய முடியும்?

அப்புறம் உகந்தையில் மரத்தடிதான். முருகன் சந்நிதியில், கடற்காற்றில், மரத்தடியில் படுப்பதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. குறை சாப்பாட்டுப் பொதியில் வந்தது. காட்டுக்குள் நான்கைந்து நாள் நடக்க வேண்டும், வழியில் கடை கிடையாது. அதற்கென்று அம்மா அளந்து கட்டியவை அவல், சர்க்கரை, வறுத்த அரிசி மா, பேரீச்சம்பழம், தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி உப்புச்சர்க்கரைப் பக்கெட் கொஞ்சம். ஒவ்வொரு பையையும் றப்பர் வளையம் போட்டு, குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று எங்கே எதை அவிழ்ப்பது என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தார். திறக்காத வாசலுக்கு முன்னால் இருந்தபடியே அந்தப் பைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தோம். நாவலடிக்கென்று வைத்த அவலை உகந்தையிலேயே நனைத்துத் தின்றோம். பக்கத்தில் தங்கியிருந்த மட்டக்களப்புப் பெண்கள் தங்கள் அரிசியில் எங்களுக்கும் சேர்த்துக் கஞ்சி வைத்துத் தந்தார்கள். அவர்களும் காத்திருந்தவர்கள்தான், அவர்களுடைய மூட்டையும் மெலிந்துகொண்டுதான் வந்தது.

இது தவிர்க்க முடியாத கஷ்டம் என்றால் வாய் திறக்க மாட்டேன். ஆனால் கதிர்காமத் திருவிழா நிலாக் கணக்கில் வருவது. அமாவாசையை ஒட்டித் தொடங்கி பௌர்ணமியில் தீர்த்தத்தோடு முடிகிறது. அந்த நாட்கள் பஞ்சாங்கத்தில் முன்கூட்டியே இருக்கின்றன. எந்த மாதத்து அமாவாசை என்று சில வருடங்களில் கேள்வி எழுவதும் உண்மை. அப்படிப்பட்ட வருடத்தில் ஆலயத்தாரோடு தை மாதமே இருந்து பேசினால் என்ன? கடைசிக் கிழமைகளில் திறக்கும் திகதி பற்றி யாரோ மங்கலாகப் படம்பிடித்த சிங்களக் கடிதம் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதை வாசித்துச் சொல்ல ஆள் தேடும்போதே அது பழைய கடிதம் என்று இன்னொருவர் சொல்கிறார். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் 1987 இலேயே எழுதியாகிவிட்டது. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோவிலிலிருந்து வாரக்கணக்கில் நடந்து வருபவர்களுக்கு ஒரு திகதியைத் தமிழில் சொல்ல இன்னும் எத்தனை காலம் வேண்டும்?

காட்டின் நியாயத்தை நாங்கள் மறுக்கவில்லை. அது யானையும் சிறுத்தையும் கரடியும் வாழும் இடம். குமண வில்லு என்ற சதுப்பு நீர்நிலையில் பறவைகள் கூடு கட்டும் காலமும் யாத்திரைக் காலத்தோடு முட்டுகிறது. ஆட்களை எண்ணி அனுப்புங்கள், பைகளைச் சோதியுங்கள், பொலித்தீன் கொண்டுபோனால் பறியுங்கள். யுத்தத்தால் 1985 முதல் 2003 வரை குமண பூங்காவே மூடிக் கிடந்தது, பொறுத்தோம். கொரோனாக் காலக் கட்டுப்பாடுகளையும் பொறுத்தோம். ஆனால் சபாரி ஜீப்பில் வருகிற ஒருவருக்கு வாசல் எத்தனை மணிக்குத் திறக்கும் என்பது வீட்டிலிருந்தே தெரிகிறது. தலைமுறை தலைமுறையாக அதே வழியில் நடப்பவர்களுக்கு எந்த நாள் என்பதே தெரிவதில்லை. இது எனக்கு மிகவும் வலிக்கிறது. பக்தர்கள் எப்படியும் வந்துவிடுவார்கள், எப்படியும் சமாளித்துவிடுவார்கள் என்ற எண்ணம் இதற்குப் பின்னால் இருக்கிறது. சமாளிக்கிறோம் என்பதற்காக எங்களைக் காக்க வைக்கக் கூடாது.

சரி, கோபத்தை வைத்துவிட்டுப் பணிவாகவே கேட்கிறேன். அடுத்த வருடம் பாதை திறக்கும் நாள், மூடும் நாள் இரண்டையும் சித்திரைப் புத்தாண்டுக்கு முன் அறிவியுங்கள். அறிவித்தல் தமிழிலும் சிங்களத்திலும், கையொப்பத்தோடும் திகதியோடும் இருக்கட்டும். மழையாலோ பாதுகாப்புக் காரணத்தாலோ மாற்ற நேர்ந்தால் காரணத்தையும் சொல்லுங்கள். ஏற்கெனவே உகந்தைக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு அந்த நாட்களில் குடிதண்ணீருக்கும் உலர் உணவுக்கும் வழி செய்யுங்கள்.

அம்மா அடுத்த வருடமும் வருகிறார். படிவத்தைப் பேனாவால் நிரப்பிக் கொடுக்க வேண்டும், பாணமை அக்காவுக்கும் நாளைச் சொல்ல வேண்டும். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு யாத்திரிகன்