கல்யாண மண்டபத் திருப்பணி நிறைவு அறிக்கை

அங்கத்தினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கூரை, கழிவறை, வயரிங், மடைப்பள்ளிப் புகைபோக்கி எல்லாம் பேசிய தொகைக்குள் முடிந்தன. மேடைப் பின்சுவருக்கு மட்டும் 19 நாள் தாமதம், ரூ.18,600 கூடுதல். "ஒட்டுப் பலகைக்கா இத்தனை செலவு?" என்று மகாசபையில் கேட்டீர்கள். அதற்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு உண்டு.

கோத்தகிரியின் ஐப்பசி ஈரத்தில் அகலமான தேக்குப் பலகை வளையும், விலையும் கட்டாது. அதனால் பின்சுவருக்கு வெனீர் பலகை போட்டோம். வெனீர் பொய் மரம் இல்லை. தேக்குக் கட்டையையே அரை மில்லிமீட்டர் கனத்தில் சீவி பிளைவுட்டில் ஒட்டியது. சிலர் ஈட்டி மர வெனீர் கேட்டார்கள். கருஞ்சிவப்பில் கறுப்பு வரி ஓடும் அந்த அழகு எனக்கும் பிடித்ததுதான். ஆனால் மஞ்சு இறங்கினால் நம் மண்டபம் பகலிலேயே இருட்டுகிறது, கரிய மரம் அதை இன்னும் இருட்டாக்கும். தோட்டத்து நிழல் மரமான சில்வர் ஓக், குவார்ட்டர் கட்டில் (கட்டையை நான்காகப் பிளந்து சீவும் முறை) மீன் செதில் போல மினுங்கும். அதை மணமகள் அறைக் கதவில் போட்டிருக்கிறோம், பாருங்கள்.

மேடைக்குத் தேக்கில் கிரவுன் கட் என்ற சீவல் முறை. நேர்கோடாக ஓடும் குவார்ட்டர் கட் போலன்றி, இதில் ரேகை கோபுரம் கோபுரமாக எழும். எட்டு ஷீட்டும் ஒரே கட்டையில் அடுத்தடுத்துச் சீவியதாக, வரிசை எண்ணுடன் வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதினோம். அப்போதுதான் ஒன்றுவிட்டு ஒன்றைப் புரட்டி வைக்கும்போது, விரித்த புத்தகம் போல இரு பாதியும் பொருந்தும்.

வந்ததில் ஐந்து பொன்மஞ்சள், மூன்று கரும்பழுப்பு. எண்ணே இல்லை. "பாலீஷ் போட்டால் ஒன்றாகிவிடும்" என்றார் காண்ட்ராக்டர். அவர் எதிரிலேயே இரண்டு துண்டில் பாலீஷ் போட்டோம். பழுப்பு இன்னும் கறுத்தது, வித்தியாசம் கூடியது. "கோயில் வேலைக்கு இவ்வளவு நோண்டுவீர்களா?" என்று கத்திவிட்டு ஆட்களோடு இறங்கிப் போனார். கோயில் வேலை என்பதால்தான் நோண்டினோம். மூன்றை மட்டும் மாற்றியிருந்தால் ரேகை பொருந்தாது. எட்டையும் திருப்பி அனுப்பி, மேட்டுப்பாளையத்திலிருந்து வேறு லாட் ஏற்றினோம். விலை வித்தியாசம் ரூ.11,200, வண்டி வாடகையும் கூலியும் ரூ.7,400. பில்கள் அலுவலகத்தில் இருக்கின்றன, யாரும் பார்க்கலாம்.

விளிம்பு வழியாகத்தான் ஈரம் ஏறும். ஆகவே உள்ளே ஈரம் தாங்கும் ஐ.எஸ். 710 தர பிளைவுட், சுற்றிலும் விளிம்பை மூடும் தேக்கு பீடிங் சட்டம்.

உபயம்: கட்டபெட்டு காய்கறி மண்டிக்காரர், தேயிலைத் தூள் வியாபாரிகள் இருவர், மேல் தெரு ஆசிரியை, குன்னூரில் பேக்கரி வைத்திருக்கும் சகோதரர்கள், ஓய்வுபெற்ற தபால்காரர், தோட்டத்தில் இலை பறிக்கும் பெண்கள் குழு, பெயர் போட வேண்டாம் என்ற ஓர் அம்மா. கூடுதல் ரூ.18,600 முழுவதையும் கொடுத்தது அந்த அம்மாதான்.

அலங்காரக்காரர்களிடம் சொல்லிவையுங்கள்: மேடைச் சுவரில் ஆணி அடிக்கவோ, டேப் ஒட்டவோ, ஈரத் துணியால் துடைக்கவோ கூடாது. பூ மாலை கட்ட மேலே கம்பி போட்டிருக்கிறோம்.

செயலாளர், திருப்பணிக் கமிட்டி