எண்ணெய் 'தேவையான அளவு' என்றால் எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் இணைப்பில் வந்த 'கலோரி குறைந்த காய்கறி ஸ்டிர் ஃப்ரை' குறிப்பைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். காய்களை விரல் நீளத்துக்கு நறுக்குவதா, சாய்வாக நறுக்குவதா என்று அரைப் பக்கம் விளக்கியிருக்கிறீர்கள், சரி. ஆனால் பொருட்கள் பட்டியலில் பார்த்தால் எண்ணெய் தேவையான அளவு, சோயா சாஸ் சிறிதளவு, தக்காளி சாஸ் சிறிதளவு, சர்க்கரை சிறிதளவு, உப்பு தேவையான அளவு. கலோரியும் உப்பும் ஒளிந்துகொண்டிருப்பதே இந்த ஐந்து வரியில்தானே! கோஸ், பீன்ஸ், கேரட், குடைமிளகாய் எல்லாம் கலந்து கால் கிலோ தின்றாலும் நூறு கலோரியைத் தாண்டாது. அதன் மேல் ஊற்றுகிற மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் மட்டும் 360 கலோரி.

நான் முப்பது வருஷம் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் கம்பெனியின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன். டிரம்மில் தோலைப் போட்டால் தண்ணீர், சுண்ணாம்பு, உப்பு, குரோமியம் எதுவானாலும் தோல் எடைக்கு இத்தனை சதவீதம் என்று சீட்டில் எழுதித்தான் கொடுப்போம். 'தேவையான அளவு' என்று எழுதிக் கொடுத்திருந்தால் சூப்பர்வைசர் என்னையும் சேர்த்து டிரம்மில் போட்டுச் சுற்றியிருப்பார். அந்தப் பழக்கத்தில்தான் வீட்டிலும் நகைத் தராசு மாதிரி ஒரு சின்ன தராசு வைத்துக்கொண்டு சமையலறையில் நிற்கிறேன். என் மனைவிக்கு இது பிடிக்கவில்லை, அது வேறு கதை.

இரண்டு வருஷத்துக்கு முன் சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்து வந்தது. எண்ணெய், உப்பு, இனிப்பு மூன்றையும் குறைக்கச் சொன்னார் டாக்டர். அதே சமயம் பேத்தி காட்பாடியில் கல்லூரிக்குப் போக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அவளுக்கோ சாயங்காலமானால் தள்ளுவண்டி ஃப்ரைடு ரைஸ் வாசனை அடித்தே ஆக வேண்டும். சரி, இரண்டு பேருக்கும் பொதுவாக வீட்டிலேயே செய்வோம் என்று கிளம்பினேன். முதல் நாள் வீராப்பாக எண்ணெயே இல்லாமல், சாஸும் இல்லாமல், மிளகுத்தூள் மட்டும் தூவி வதக்கி வைத்தேன். பேத்தி ஒரு வாய் வைத்துவிட்டு, "தாத்தா, யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றாள். மறுநாள் சாஸ் கெட்டியாக வேண்டுமென்று கார்ன்ஃப்ளாரை அப்படியே கொதிக்கிற வாணலியில் கொட்டினேன். போஸ்டர் ஒட்டுகிற பசை தோற்றது.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. கடைச் சாஸில் ருசி தருவது எண்ணெயும் சர்க்கரையும் மட்டுமில்லை, உப்பு, புளிப்பு, காரம், அப்புறம் நாக்கின் அடியில் தங்குகிற ஒரு கறிச்சுவை, அதற்கு உமாமி என்று ஜப்பான்காரர்கள் பேர் வைத்திருக்கிறார்கள். இதில் கலோரி அதிகம் எண்ணெயிலும் சர்க்கரையிலும்தான். மற்றதெல்லாம் ஏறக்குறைய இலவசம். உமாமிக்காக எங்கும் ஓட வேண்டாம், காளானிலும் பழுத்த தக்காளியிலும் சோயா சாஸிலும் அது இருக்கிறது.

நான் முதலில் செய்வது ஒரு தண்ணீர்தான். கோஸின் நடுத்தண்டு, காளான் காம்பு, வெங்காயத்தாளின் அடிப்பகுதி, கழுவிச் சீவிய இஞ்சித்தோல், இப்படித் தூக்கிப் போடுகிறதையெல்லாம் மூன்று டம்ளர் தண்ணீரில் போட்டு இருபது நிமிஷம் கொதிக்கவிட்டு வடிகட்டி வைத்துக்கொள்வேன். கடையில் எண்ணெய் செய்கிற வேலையில் பாதியை, அதாவது காய் அடிப்பிடிக்காமல் புரள்வதையும் சாஸ் எல்லாக் காயிலும் பரவுவதையும், இந்தத் தண்ணீரே செய்துவிடும். வாணலி வறண்டால் எண்ணெய்க் கிண்ணத்துக்குக் கை போகாமல் இதில் ஒரு கரண்டி விடுங்கள்.

இரண்டு பேருக்கு என் அளவு இதுதான். இந்தத் தண்ணீர் ஆறு மேசைக்கரண்டி, சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டி, துருவிய இஞ்சி ஒரு தேக்கரண்டி, நசுக்கிய பூண்டு ஒரு தேக்கரண்டி, ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு அரைத் தேக்கரண்டி, வெல்லம் அரைத் தேக்கரண்டி, கார்ன்ஃப்ளார் ஒரு தேக்கரண்டி. கார்ன்ஃப்ளாரைப் பச்சைத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், சூடு பட்டால் வெளியே வெந்து உள்ளே மாவாக உருண்டு நிற்கும் (என் போஸ்டர் பசையின் ரகசியம் இதுதான்). எல்லாம் சேர்ந்து நாற்பது கலோரிக்குப் பக்கத்தில் வரும், ஆளுக்கு இருபது. காய் முக்கால் பதம் வெந்ததும் ஊற்றிக் கிளறினால் பால் மாதிரி இருந்த சாஸ் கண்ணாடி மாதிரி ஆகும், அந்த நிமிஷம் அடுப்பை அணைத்துவிட்டு வினிகர் ஒரு தேக்கரண்டி. வினிகரை முன்னாலேயே ஊற்றிக் கொதிக்கவிட்டால் வாசனை ஆவியாகப் போய்விடும், சாஸும் மறுபடி நீர்த்துவிடும், புளிப்போடு சேர்ந்து நிறைய நேரம் கொதித்தால் கார்ன்ஃப்ளாரின் பிடிப்பு விட்டுப்போகும்.

எண்ணெயே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு தேக்கரண்டி கட்டாயம் வேண்டும், பூண்டு, மிளகாய் வாசனை எண்ணெயில்தான் இறங்கும். நாற்பது கலோரி, போகட்டும். கடைசியில் நல்லெண்ணெய் விட்டால் சைனீஸ் வாசனை வரும் என்று சிலர் எழுதுகிறார்கள், வராது. அவர்கள் விடுவது வறுத்த எள்ளில் ஆட்டியது, நம் செக்கில் வருவது பச்சை எள்ளில் ஆட்டியது. அதற்குப் பதில் வெள்ளை எள்ளை வறுத்துப் பொடித்து ஒரு தேக்கரண்டி தூவுங்கள், அந்த வாசனை கிட்டத்தட்ட வந்துவிடும்.

காரம் வேண்டுமென்றால் பேத்திக்காக நான் அரைப்பது ஒன்று உண்டு. எட்டு வரமிளகாயை விதை உதறி வெந்நீரில் ஊறவைத்து, ஆறு பல் பூண்டு, ஒரு பழுத்த தக்காளி, ஒரு மேசைக்கரண்டி வினிகர் சேர்த்து அரைத்து, ஒரே தேக்கரண்டி எண்ணெயில் பச்சை வாசனை போகச் சுண்டவிடுவது. ஃபிரிட்ஜில் நாலைந்து நாள் தாங்கும். கடையில் ஷெஸ்வான் என்று விற்கிற பாட்டிலைத் திறந்து பாருங்கள், மேலே ஒரு விரல்கடை எண்ணெய் மிதக்கும்.

பாட்டில் என்றதும் ஞாபகம் வந்தது. லேபிளில் பொருட்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானதுக்கு வரிசையாகத்தான் போட வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். மளிகைக் கடையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று தக்காளி சாஸ் பாட்டில்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், மூன்றிலும் சர்க்கரை முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தது. ஒரு மேசைக்கரண்டியில் நாலு கிராம் சர்க்கரை, சுமார் ஒரு தேக்கரண்டி. உங்கள் குறிப்பில் அதற்கு மேல் 'சர்க்கரை சிறிதளவு' வேறு.

இதைவிட எனக்குக் கவலை உப்பு. சோயா சாஸில் கலோரி ஒன்றுமில்லை, மேசைக்கரண்டிக்குப் பத்துக்குள்தான், ஆனால் சோடியம் சுமார் 900 மில்லிகிராம். ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, உப்பாகச் சொன்னால் 5 கிராம். நாம்தான் காலையில் சட்னி, மத்தியானம் குழம்பு, ஊறுகாய், அப்பளம் என்று கோட்டாவை முடித்துவிட்டு ராத்திரி சாஸுக்கு வருகிறோமே! அதனால் சோயா சாஸ் விட்ட நாளில் வாணலியில் உப்பு என்ற பேச்சே இருக்கக் கூடாது. 'லைட் சோயா சாஸ்' என்று பாட்டிலில் போட்டிருப்பதை உப்பு குறைவு என்று நினைத்து ஆறு மாசம் வாங்கினேன். அந்த லைட், நிறத்துக்குச் சொல்வது. கறுப்பாக இருப்பதைவிட அதில்தான் பெரும்பாலும் உப்பு கூட. இதை ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள், என்னைப் போல் எத்தனை பேர் ஏமாந்திருக்கிறார்களோ.

அடுப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தள்ளுவண்டிக்காரர் அடுப்பின் சூடு நம் வீட்டு கேஸில் வராது, அதனால் காயைத் துணியில் துடைத்து, இரண்டு தடவையாகப் பிரித்து வதக்குங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் தண்ணீர் விட்டு அவியலாகிவிடும்.

நம் ஊர்க் காயையும் இதில் விடக்கூடாது. எங்கள் வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்கள் பத்திரிகை வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். பிரியாணிக் கடை கத்தரிக்காய்க்கு இந்தப் பக்கத்தில் இருக்கிற மரியாதையைச் சொல்லவே வேண்டாம், ஆனால் கத்தரிக்காய் எண்ணெயைப் பஞ்சு மாதிரி குடிக்கும், வாணலியில் ஊற்ற ஊற்றக் காணாமல் போகும். நான் காயை நாலாகக் கீறி இட்லிப் பானையில் ஐந்து நிமிஷம் ஆவியில் வைத்துவிடுகிறேன். உள்ளே ஈரம் ஏறிவிட்ட காய் அப்புறம் எண்ணெய்க்கு அவ்வளவாக ஆசைப்படாது. அதற்குச் சோயா வேண்டாம். சின்ன நெல்லிக்காய் அளவு புளியை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, மிளகு, பூண்டு, அரைத் தேக்கரண்டி வெல்லம், கால் தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி கார்ன்ஃப்ளார் கலந்து, பெரிய தீயில் இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் காயைப் பிரட்டி ஊற்றி, மேலே வறுத்த எள்ளுப் பொடி தூவினால் போதும். சைனீஸா, நம்மூரா என்று கேட்டால் பதில் தெரியாது. போன வாரம் என் மனைவி இரண்டாம் தடவை போட்டுக்கொண்டார், அதைச் சான்றிதழாக எடுத்துக்கொள்கிறேன்.

என் கோரிக்கை ஒன்றுதான். உங்கள் சமையல் பக்கத்தில் எண்ணெய், சர்க்கரை, உப்பு, சாஸ் இந்த நாலுக்கும் தேக்கரண்டி, மேசைக்கரண்டிக் கணக்கு போடுங்கள், தேக்கரண்டி 5 மில்லி, மேசைக்கரண்டி 15 மில்லி என்று பக்கத்தின் கீழே ஒரு வரியும் சேருங்கள். எங்கள் வீட்டில் 'ஒரு கரண்டி' என்றால் குழம்புக் கரண்டி என்று அர்த்தம், ஒரு தடவை அப்படியே எண்ணெய் ஊற்றப்பட்டதற்கு நானே சாட்சி.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோல் ஆய்வக ஊழியர்,
சத்துவாச்சாரி, வேலூர்.

பி.கு.: இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டியபோது என் மனைவி சொன்னது: "கார்ன்ஃப்ளாரைக் கரைத்து வைத்தால் அடியில் தங்கிவிடும், ஊற்றும் முன் ஒரு தடவை கலக்கிவிட்டு ஊற்றணும், அதை எழுதினீர்களா?" எழுதவில்லை. இதோ எழுதிவிட்டேன்.